காதை மூடாமல் காற்றை அடக்குவோம்

மலைப்பாதையில் சைக்கிள் – 7

சென்ற வாரம் பிரேக் பற்றி எழுதினேன். இறக்கத்தில் எங்கே வேகத்தைக் குறைக்க வேண்டும், இரண்டு பிரேக்குகளையும் எப்படிப் பகிர்ந்து பிடிக்க வேண்டும் என்று பார்த்தோம். ஆனால் வளைவுக்கு அப்பால் என்ன வருகிறது என்று முன்கூட்டியே தெரிந்தால்தான் அந்தப் பிரேக்குக்கு முழுப் பயன். மலைநாட்டு வளைவில் கண் அதைச் சொல்லாது. ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் பள்ளம். பஸ்காரர் வளைவுக்கு முன் ஹோன் அடிப்பதும், லொறி கியர் மாற்றி முனகுவதும் காதுக்குத்தான் முதலில் வந்து சேரும். அந்தக் காதையே இறக்கத்தில் காற்று பறித்துக்கொள்கிறது. அதை எப்படித் திரும்பப் பெறுவது என்பதே இந்த வாரப் பேச்சு.

பதுளை நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 680 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஹாலி-எல, தெமோதரை, பண்டாரவளை வழியாக அப்புத்தளைக்குப் போனால் 1,400 மீற்றரையும் தாண்டிவிடுவோம். ஏறும்போது காற்றிரைச்சல் ஒரு பிரச்சினையே இல்லை. நம் மூச்சும் சங்கிலிச் சத்தமும் கேட்கும். தேயிலை மலையில் கொழுந்தெடுப்பவர்கள் நிரைக்கு நிரை பேசிக்கொள்வதும் கேட்கும். அதே பாதையில் திரும்பி இறங்கும்போது, வேகம் முப்பதைத் தாண்டியதும் உலகம் முழுவதும் ஒரே இரைச்சலாகிவிடுகிறது. எல்லயிலிருந்து வெல்லவாயவுக்கு இறங்கும் பாதை இதைவிடக் கடுமை. ஆயிரம் மீற்றருக்கு மேலிருந்து இருநூறு மீற்றர் அளவுக்கு, முப்பது கிலோமீற்றருக்குள்ளேயே இறங்கிவிட வேண்டும். எதிரே ஏறி வரும் பஸ்ஸின் சத்தம் கேட்க வேண்டிய இடமெல்லாம் காற்றுதான் கேட்கிறது.

இந்த இரைச்சல் எங்கே பிறக்கிறது என்று பார்த்தால் மருந்தும் அங்கேயே கிடைக்கும். பதுளு ஓயாவில் ஒரு பாறையைச் சுற்றிவரும் தண்ணீரைப் பாருங்கள். பாறைக்கு முன்னால் நீர் அமைதியாக வரும். பாறையைக் கடந்ததும் சுழிசுழியாக உடையும். முகத்தில் மோதும் காற்றும் அப்படித்தான். நெற்றியிலும் கன்னத்திலும் வழுக்கிக்கொண்டு வரும் காற்று, கன்ன எலும்பைத் தாண்டிக் காதுமடலில் முட்டியதும் உடைந்து சுழிகளாகிறது. ஒவ்வொரு சுழியும் காதுத் துவாரத்தின் வாசலில் காற்றழுத்தத்தை ஏற்றி இறக்குகிறது. செவிப்பறைக்கு அழுத்தம் ஏறி இறங்குவதெல்லாம் சத்தம்தான்.

ஆகவே அந்த இரைச்சல் வெளியிலிருந்து வருவதே இல்லை. பாதையோரம் நிற்பவருக்கு அது கேட்காது. நம் காதின் வாசலில் பிறந்து நம் காதுக்குள்ளேயே முடிந்துபோகிறது. பஸ்ஸின் ஹோனோ தூரத்திலிருந்து காற்று வழியே வருகிறது. ஒன்று வாசலில் உண்டாவது, மற்றது தொலைவிலிருந்து வருவது. இந்த வேறுபாடு நமக்கு ஒரு பெரிய வாய்ப்பு. வாசலில் சுழி உண்டாவதை மட்டும் தடுத்தால், தொலைவிலிருந்து வரும் சத்தம் தேயாமல் வந்து சேரும்.

இரைச்சலின் அளவைப் பற்றியும் தெரிந்துகொள்வது நல்லது. அமெரிக்காவின் டிட்ராய்ட் நகரிலுள்ள ஹென்றி ஃபோர்ட் மருத்துவமனையின் ஆய்வாளர்கள், சைக்கிளோட்டியின் காதில் கேட்கும் காற்றிரைச்சலைக் காற்றுச் சுரங்கத்தில் வைத்து அளந்தார்கள். மணிக்கு 15 மைல், அதாவது 24 கிலோமீற்றர் வேகத்தில் 84.9 டெசிபல். மணிக்கு 60 மைல், அதாவது சுமார் 96 கிலோமீற்றரில் 120.3 டெசிபல். வேகம் நான்கு மடங்காகும்போது 35 டெசிபல் ஏறுகிறது. இரண்டு மடங்காகும்போது 17, 18 டெசிபல். இந்தக் கணக்குப்படி 48 கிலோமீற்றர் வேகத்திலேயே நூறு டெசிபலைத் தாண்டிவிடுகிறோம். மனிதக் காதுக்குப் பத்து டெசிபல் கூடினால் சத்தம் ஏறக்குறைய இரண்டு மடங்காகத் தோன்றும். 30இல் இறங்குவதற்கும் 45இல் இறங்குவதற்கும் இடையே அந்தப் பத்து டெசிபல் இருக்கிறது.

இங்கே வேகம் என்பது சைக்கிளின் வேகம் மட்டுமல்ல. எதிர்க்காற்றின் வேகத்தையும் கூட்டிக்கொள்ள வேண்டும். 40இல் இறங்கும்போது 20இல் எதிர்க்காற்று வீசினால், காதுக்கு அது 60.

ஊவாவில் இந்தக் கணக்கு பருவத்துக்குப் பருவம் மாறும். தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவுகளில் மழையைக் கொட்டிவிட்டு, மலைமுகட்டைத் தாண்டி வறண்ட காற்றாக நம் பக்கம் இறங்குகிறது. மட்டக்களப்பு வரை போய் அங்கே கச்சானாக வீசுவதும் அந்தப் பருவத்தின் காற்றுதான். ஜூலை முதல் செப்டெம்பர் வரை ஊவாத் தேயிலைக்கு அதன் தனி மணம் வருவது இந்த உலர்ந்த காற்றால். கொழும்பு ஏலத்தில் ஊவாத் தேயிலையைத் தேடி வாங்குகிறார்களே, அந்த மாதங்கள்தான் சைக்கிளோட்டியின் காதுக்குச் சோதனையான மாதங்களும். அப்புத்தளை மலைமுகட்டின் இடைவெளியில் நின்றவர்களுக்கு அந்தக் காற்றைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அங்கிருந்து பெரகலைப் பக்கம் இறங்கினால் அது முகத்தில் அடிக்கும். பண்டாரவளைப் பக்கம் திரும்பினால் முதுகில் தள்ளும். அப்போது திடீரென்று எல்லாம் கேட்கத் தொடங்கும்: டயர் உருளும் சத்தம், பின்னால் வரும் ஓட்டோ, ரயில் பாதைப் பக்கத்து நாய். தோமஸ் லிப்டன் 1890இல் இலங்கை வந்து வாங்கிய தோட்டங்களில் ஒன்றான தம்பதென்னைக்குப் போகும் பாதையிலும், மலைவிளிம்பு திறந்த இடங்களில் காற்று பக்கவாட்டில் வந்து மோதும். ஆகவே காற்றுக் காலத்தில் முதல் பாதுகாப்பு, எந்தத் திசையில் இறங்குகிறோம் என்பதைப் பயணத்துக்கு முன்பே யோசித்து வைப்பது.

காற்றிரைச்சல் பெரும்பாலும் தாழ்ந்த சுருதி கொண்டது. பஸ், லொறி எஞ்சின்களின் உறுமலும் தாழ்ந்த சுருதிதான். அதனால் எஞ்சின் சத்தம்தான் முதலில் காணாமல் போகிறது. அதோடு, பலமான தாழ்சுருதிச் சத்தம் தனக்கு மேலுள்ள சுருதிகளையும் மூடும் இயல்புடையது. இரைச்சல் ஏற ஏற ஹோனும் அமுங்கிவிடுகிறது. வளைவில் நமக்குக் கிடைக்க வேண்டிய ஒருசில வினாடி எச்சரிக்கை இப்படித்தான் தொலைகிறது.

காதின் நலமும் இதில் இருக்கிறது. அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதார நிறுவனம் வேலைத்தலத்துக்கு வைத்திருக்கும் எல்லை, நாளுக்கு எட்டு மணிநேரம் 85 டெசிபல். ஒவ்வொரு மூன்று டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகக் குறைய வேண்டும். வார இறுதியில் ஒருமுறை இறங்குபவர் இதற்காகப் பயப்பட வேண்டியதில்லை. நாள்தோறும் நீண்ட நேரம் வேகமாக ஓட்டுபவர்கள் கவனிக்கத்தான் வேண்டும்.

இனி, செய்யக்கூடாததை முதலில் சொல்லிவிடுகிறேன். இயர்போன் வேண்டாம். பாட்டு காற்றை மறைக்காது. பாட்டும் காற்றும் சேர்ந்து பாதையை மறைக்கும். காதுக்குள் பஞ்சோ நுரை அடைப்பானோ வைப்பதும் நம் பாதைகளுக்கு ஏற்றதல்ல. நுரை அடைப்பான் உயர்ந்த சுருதிகளைத்தான் அதிகம் தடுக்கும்; தாழ்ந்த சுருதிகளை ஓரளவு விட்டுவிடும். ஹோன் போய்விடும், காற்றின் முழக்கம் மிஞ்சும். நமக்கு வேண்டியது இதற்கு நேர் எதிரானது.

இதற்கான விடையை ஆந்தையிடம் படித்திருக்கிறார்கள். இரவில் எலியைப் பிடிக்கும் ஆந்தைக்குத் தன் சிறகின் சத்தம் இரைக்கும் கேட்கக் கூடாது, தன் காதையும் கெடுக்கக் கூடாது. 1934இல் ஆர். ஆர். கிரஹாம் என்ற பிரித்தானியர் ஆந்தையின் ஓசையற்ற பறத்தலை ஆராய்ந்து எழுதியபோது, மூன்று அமைப்புகளைச் சுட்டிக்காட்டினார்: சிறகின் முன்விளிம்பில் சீப்பு போன்ற பற்கள், பின்விளிம்பில் இழையிழையான குஞ்சம், மேற்பரப்பில் மென்மையான பூமயிர். காற்று உறுதியான விளிம்பில் முட்டி உடையாதபடி இவை அதை மெல்ல மெல்லத் தளர்த்துகின்றன. வெளிப்புறப் படப்பிடிப்பில் ஒலிவாங்கிக்கு மயிருறை போடுவதும் இதே தத்துவம்தான். மயிருக்குள் நுழையும் காற்று வேகமிழக்கும். சத்தம் மட்டும் உள்ளே போகும்.

நம் மலைகளில் காற்றுக்காலத்தில் கொழுந்தெடுக்கும் பெண்கள் தலையோடு காதையும் சேர்த்துத் தடித்த துணியைச் சுற்றிக்கொள்கிறார்கள். குளிருக்காகத்தான் சுற்றுகிறார்கள். ஆனாலும் நிரைக்கு நிரை பேச்சு நிற்பதில்லை. காற்றை நிறுத்தி, குரலை விடும் துணி எது என்பது அவர்களின் அன்றாட அனுபவத்திலேயே இருக்கிறது.

சைக்கிளுக்கு இதைச் செய்துகொள்வது எளிது. ஹெல்மெட்டின் பட்டி காதுக்கு முன்னும் பின்னுமாக இரண்டாகப் பிரிந்து தாடைக்கு இறங்கும். காற்று முதலில் மோதுவது முன்பட்டியில். பழைய கம்பளிச் சுவேட்டரிலோ, மயிர் வைத்த பொம்மைத் துணியிலோ, மூன்று நான்கு சென்ரிமீற்றர் அகலமான ஒரு துண்டை வெட்டிக்கொள்ளுங்கள். மயிர்ப்பக்கம் வெளியே இருக்கும்படி அதை முன்பட்டியில் சுற்றி, ஹெல்மெட்டின் விளிம்பிலிருந்து காதுச்சோணைக்குச் சற்றுக் கீழ்வரை வருமாறு தைத்துவிடுங்கள். கழற்றித் துவைக்க வேண்டுமானால் வெல்க்ரோ வைக்கலாம். துண்டு கன்னத்தோடு ஒட்டியிருக்க வேண்டும். இடைவெளி விட்டால் காற்று அதற்குள் புகுந்து புதிய சுழியை உண்டாக்கும். காதின் மேல் அது வரக் கூடாது. காதுக்கு முன்னால் நிற்பதுதான் அதன் வேலை. இதுபோன்ற மயிர்ப்பட்டிகளை வெளிநாடுகளில் கடைகளில் விற்கிறார்கள். பதுளைச் சந்தையில் வாங்கும் ஒரு பழைய கம்பளியும் ஒரு தையல் ஊசியும் அதே வேலையைச் செய்யும்.

ஹெல்மெட்டின் பட்டி முறுக்கியிருந்தால் அதை நேராக்குங்கள். தொங்கும் நுனியை மடித்துச் செருகுங்கள். ஆடும் பட்டி காதருகே அடித்துக்கொண்டே இருக்கும். ஹெல்மெட் இல்லாமல் ஓட்டுபவர்கள், இளகலாகப் பின்னிய கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்துவிடலாம். காற்றே நுழையாத பிளாஸ்டிக் மழைத்தொப்பி வேண்டாம். அது தானும் படபடக்கும், வெளிச்சத்தத்தையும் மறைக்கும். ஆனாலும் ஹெல்மெட்டுக்கு ஈடாக எந்தத் தொப்பியையும் நான் சொல்ல மாட்டேன்.

சைக்கிளும் தன் பங்குக்குப் பாடும். பொஹீமியாவில் பிறந்த இயற்பியலாளர் வின்சென்ஸ் ஸ்ட்ரூகால், காற்றில் கம்பி பாடுவதை 1878இல் ஆராய்ந்தார். அந்தச் சுருதியைத் தீர்மானிப்பவை காற்றின் வேகமும் கம்பியின் தடிப்பும் என்று கண்டார். 5 மில்லிமீற்றர் தடிப்புள்ள பிரேக் கேபிள், 43 கிலோமீற்றர் வேகக் காற்றில் வினாடிக்குச் சுமார் 480 அதிர்வுகளில் ஊதும். கேபிள் வெளியே வளைந்து நிற்காமல் சட்டத்தோடு சேர்த்துக் கட்டுங்கள். மட்காட்டின் ஆணியை இறுக்குங்கள். மணியும் தண்ணீர்ப் போத்தலும் ஆடாமல் பாருங்கள்.

கடைசியாகத் தலையின் திசை. டிட்ராய்ட் ஆய்வில், காற்றுக்கு மறைவான பக்கத்துக் காதில்தான் இரைச்சல் கூடுதலாகக் கேட்டது. முகத்தைச் சற்று இடப்பக்கம் திருப்பினால் வலக்காது காற்றை நோக்கும்; அங்கே இரைச்சல் தணியும். இடப்பக்கம் ஓட்டும் நம் நாட்டில் பின்னால் வரும் வாகனம் வலப்பக்கமாகத்தான் முந்தும். அதைக் கேட்க வேண்டியதும் வலக்காதுதான். நேரான, வெறுமையான பாதைத் துண்டில், கண்ணைப் பாதையிலிருந்து எடுக்காமல், இலேசாகத் திருப்பிக் கேட்டுப் பாருங்கள். வளைவுக்குள் இதைச் செய்ய வேண்டாம். வளைவுக்கு முன் செய்ய வேண்டியது ஒன்றுதான்: வேகத்தைக் குறைப்பது. 45இலிருந்து 30க்கு வந்தால் இரைச்சல் பாதியாகிறது, நிற்கத் தேவைப்படும் தூரமும் சுருங்குகிறது.

2022இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற மாதங்களில் நாடெங்கும் பலர் மீண்டும் சைக்கிளுக்கு வந்தார்கள். அந்தப் பழக்கம் மலைநாட்டிலும் நிலைக்க வேண்டும் என்று விரும்புகிறவன் நான். தோட்டத்துப் பிள்ளை பாடசாலைக்கும், இளைஞர் டவுன் வேலைக்கும் யாரையும் எதிர்பாராமல் போய்வர இதைவிட மலிவான வழி இல்லை. ஆனால் நம் பாதைகள் அகலமாவதற்கும் வளைவுகளில் கண்ணாடி வைப்பதற்கும் காலம் பிடிக்கும். அதுவரை பஸ்காரர் அடிக்கும் ஹோன்தான் நமக்கும் அவருக்கும் இடையிலான ஒப்பந்தம். அவர் தன் பங்கைச் செய்கிறார். அதைக் கேட்கும் நிலையில் நம் காதை வைத்திருப்பது நம் பங்கு. பிள்ளைக்கு சைக்கிள் வாங்கிக் கொடுக்கும் தாய் தகப்பன், பிரேக்கையும் லைற்றையும் பார்ப்பதைப் போல, ஹெல்மெட் பட்டியில் ஒரு துண்டுக் கம்பளியும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அடுத்த வாரம்: பனிமூட்டத்தில் மற்றவர் கண்ணுக்கு நாம் தெரிவது எப்படி? எந்த நிறம் உதவும், எந்த விளக்கு ஏமாற்றும் என்று பார்ப்போம்.

(தொடரும்)