பெர்லின் நீலத்தில் ஒரு ஜப்பானிய அலை

2015ஆம் ஆண்டு கோடையில் அமெரிக்காவின் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் ஓர் உடையை முன்வைத்துப் பெரிய தகராறு கிளம்பியது. பிரெஞ்சு ஓவியர் க்ளோத் மோனே 1876இல் வரைந்த பிரம்மாண்டமான ஓவியம் ஒன்று அங்கே இருக்கிறது. மோனேயின் மனைவி கமீய், சாமுராய் உருவம் பின்னிய கனத்த சிவப்புக் கிமோனோவைப் போர்த்திக்கொண்டு, கையில் விசிறியோடு திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறார். பின்னால் சுவரெங்கும் ஜப்பானிய விசிறிகள். அதே போன்ற கிமோனோவைப் பார்வையாளர்களும் அணிந்து, ஓவியத்தின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ளலாம் என்று புதன்கிழமை மாலைகளில் அருங்காட்சியகம் ஏற்பாடு செய்தது. உடனே பதாகைகளோடு இளைஞர்கள் வந்து நின்றுவிட்டார்கள். ஆசியப் பண்பாட்டை மாறுவேடப் போட்டியாக்குகிறீர்கள் என்பது குற்றச்சாட்டு. அருங்காட்சியகம் இறங்கி வந்தது: கிமோனோவைத் தொட்டுப் பார்க்கலாம், போட்டுப் பார்க்கக் கூடாது.

அதற்கும் எதிர்ப்பு வந்தது. இம்முறை வந்தவர்களில் கிமோனோ அணிந்த ஜப்பானியப் பெண்களும் இருந்தார்கள். எங்கள் உடையை மற்றவர்கள் உடுத்தினால் எங்களுக்குச் சந்தோஷம்தான் என்றார்கள். அந்த மாதிரிக் கிமோனோக்களைத் தயாரிக்கச் செய்ததே ஜப்பானின் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்எச்கேதான். அதற்கு முந்தைய ஆண்டு இதே ஓவியம் ஜப்பானில் காட்சிக்கு வைக்கப்பட்டபோது ஜப்பானியர்களே அவற்றை ஆசையாகப் போட்டுப் பார்த்திருந்தார்கள். டோக்கியோவில் வளர்ந்தவருக்குக் கிமோனோ பாட்டியின் பெட்டியில் இருக்கும் துணி. அமெரிக்கப் பள்ளியில் கண்ணின் வடிவத்துக்காகக் கேலிக்கு ஆளாகி வளர்ந்த ஆசியக் குழந்தைக்கு, வெள்ளையர் ஒருவர் அதே உடையில் நின்று சிரிப்பது வேறு விதமாகத்தான் தெரியும். இரண்டு தரப்பின் கோபமும் புரிந்துகொள்ளக் கூடியதே.

இந்தச் சண்டையில் மோனேயை அதிகம் பேர் கவனிக்கவில்லை. கமீய்யின் கூந்தல் கருமையானது. மோனே அவருக்குப் பொன்னிறச் சவுரி வைத்து வரைந்திருக்கிறார். வேஷம் வேஷமாகவே தெரியட்டும் என்று நினைத்தாரோ என்னவோ. பாரீஸ் நகரமே ஜப்பான் பித்துப் பிடித்து அலைந்த காலம் அது.

அந்தப் பித்து எப்படிப் பிடித்தது? இரண்டு நூற்றாண்டுகளுக்கும் மேலாக ஜப்பான் தன் கதவை ஏறக்குறைய சாத்தியே வைத்திருந்தது. ஐரோப்பியர்களில் டச்சு வணிகர்களுக்கு மட்டும் நாகசாகி துறைமுகத்தில் ஒரு குட்டித் தீவு விடப்பட்டிருந்தது. 1853இல் அமெரிக்கக் கடற்படை அதிகாரி மேத்யூ பெர்ரி போர்க்கப்பல்களோடு வந்து நின்று கதவைத் தட்டினார்; தட்டினார் என்பது மரியாதைக்கான சொல். அடுத்த சில ஆண்டுகளில் பீங்கான், அரக்குப் பூச்சுப் பெட்டி, பட்டு, விசிறி எல்லாம் ஐரோப்பாவுக்குக் கப்பலேறின. 1867இல் பாரீஸில் நடந்த உலகக் கண்காட்சியில் ஜப்பானியப் பொருள்களைப் பார்க்கக் கூட்டம் மொய்த்தது. 1872இல் பிரெஞ்சு விமர்சகர் ஃபிலிப் பூர்த்தி இந்த மோகத்துக்கு ‘ஜப்போனிஸம்’ என்று பெயரே வைத்துவிட்டார்.

ஓவியர்களைச் சாய்த்தவை மர அச்சு ஓவியங்கள். ஜப்பானில் இவை அரண்மனைச் சமாசாரம் அல்ல. நாடக நடிகர்கள், அழகிகள், ஊர்க்காட்சிகள் என்று கடைத்தெருவில் விற்றவை. ஒரு தாளின் விலை ஒரு கிண்ணம் நூடுல்ஸின் விலையை ஒட்டித்தான் இருக்கும். ஆழம் காட்டாத தட்டையான வண்ணப் பரப்பு, ஓரத்தில் வெட்டுப்பட்டு நிற்கும் உருவம், நிழலே இல்லாத வெளிச்சம் என்று ஐரோப்பியக் கலைக்கூடங்களில் தவறு எனத் திருத்தப்பட்ட எல்லாமே அந்தத் தாள்களில் அழகாக இருந்தன. பிரெஞ்சு ஓவியர் தெகாவும் மோனேயும் வாங்கிக் குவித்தார்கள். ஜிவெர்னியிலுள்ள மோனேயின் வீட்டில் இன்றும் 200க்கு மேற்பட்ட ஜப்பானிய அச்சுகள் இருக்கின்றன.

உலகம் முழுக்கத் தெரிந்த ஜப்பானிய ஓவியம் எது என்று கேட்டால் ஹோகுசாயின் ‘பேரலை’ என்றுதான் பதில் வரும். 1831 வாக்கில், எழுபது வயதைத் தொட்ட கிழவர் வரைந்தது. அந்த அலையின் ஆழ்ந்த நீலம் ஜப்பானில் பிறந்ததல்ல. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் கண்டுபிடிக்கப்பட்ட செயற்கைச் சாயம் அது. நாகசாகி வழியாக உள்ளே வந்தது. 1820களின் கடைசியில் மலிவாகக் கிடைக்கத் தொடங்கியதும் பதிப்பாளர்கள் அதையே விளம்பரம் செய்து விற்றார்கள். தூரத்தில் ஃபூஜி மலை சுண்டைக்காயளவுக்குச் சுருங்கித் தெரிகிறதே, அந்தத் தொலைவுக் கணக்கும் டச்சுக்காரர்கள் கொண்டுவந்த படங்களைப் பார்த்து ஜப்பானியர்கள் பழகியது. கலப்படமற்ற கீழைக்கலை என்று பாரீஸ் கொண்டாடிய படத்தில் ஐரோப்பா ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது. அது தெரியாமலேயே கொண்டாடினார்கள். 2024 ஜூலையில் ஜப்பான் வெளியிட்ட புதிய 1000 யென் தாளின் பின்பக்கத்தில் இருப்பதும் அந்த அலைதான்.

இந்தப் பித்தர்களில் தலையாயவர் டச்சு ஓவியர் வான்கோ. 1886இல் பாரீஸுக்கு வந்தவர், ஸீக்ஃப்ரீட் பிங் என்ற வணிகரின் கடை மாடியில் குவிந்து கிடந்த ஜப்பானிய அச்சுகளைக் கண்டு சொக்கிப்போனார். சாப்பாட்டுக்கே தம்பி தியோவை எதிர்பார்த்திருந்த மனிதர் நூற்றுக்கணக்கில் வாங்கினார். விற்றுக் காசு பார்க்கலாம் என்பது திட்டம். 1887இல் ஒரு கஃபேயில் கண்காட்சியும் வைத்தார்; வியாபாரம் படுத்துவிட்டது. படங்கள் கையில் தங்கின. அதுதான் நல்லதாகப் போயிற்று.

அந்த ஆண்டே ஜப்பானிய ஓவியர் ஹிரோஷிகேயின் இரண்டு அச்சுகளை அவர் எண்ணெய் வண்ணத்தில் பெரிதாக்கி வரைந்தார். ஒன்று பூத்த பிளம் மரம், இன்னொன்று மழையில் ஒரு மரப்பாலம். நகல் என்று சொல்லவும் முடியாது. சிவப்பும் பச்சையும் கண்ணைப் பறிக்கின்றன. ஓரங்களில் ஜப்பானிய எழுத்துகளை வேறு அச்சுகளிலிருந்து எடுத்து அலங்காரமாகச் சேர்த்தார். அவற்றை அவரால் படிக்க முடியாது.

1888 பிப்ரவரியில் தெற்கு பிரான்ஸிலுள்ள ஆர்ல் நகருக்குப் போனார். ஜப்பானுக்குப் போக வழியில்லை, வெயில் அடிக்கும் தெற்கே போனால் அதே வெளிச்சம் கிடைக்கும் என்று நம்பினார். தன் வேலை முழுவதும் ஒரு வகையில் ஜப்பானியக் கலையின் மேல் நிற்கிறது என்று தியோவுக்கு எழுதினார். ஜப்பானிய ஓவியர்கள் சகோதரர்கள் போல வாழ்ந்து தங்களுக்குள் படங்களைப் பரிமாறிக்கொள்வார்கள் என்று நினைத்து, ஓவியர் கொகானைத் தன்னோடு தங்க அழைத்தார். மொட்டைத் தலையோடு தன்னை ஒரு பௌத்தத் துறவியைப் போல வரைந்துகொண்டார். அந்தத் துறவிகளைப் பற்றி அவர் அறிந்ததில் ஒரு பகுதி பியேர் லோத்தி எழுதிய நாவலிலிருந்து வந்தது.

உண்மையில் மர அச்சு கறாரான வியாபாரம். முதல் போடும் பதிப்பாளர், வரைபவர், மரம் செதுக்குபவர், அச்சிடுபவர் என்று தனித்தனிக் கைகள். எது விற்கும் என்று முடிவு செய்தவர் பதிப்பாளர். வான்கோ கற்பனை செய்த சகோதரத்துவம் அந்த அச்சுகள் உருவான எதோ நகரில் (இன்றைய டோக்கியோ) இல்லை. ஆனாலும் அந்தத் தவறான எண்ணத்தோடு அவர் உட்கார்ந்து உழைத்தார். நாணற்பேனாவால் புள்ளியும் கோடுமாக அவர் வரைந்த ஆர்ல் வயல்களைப் பார்த்தால், ஜப்பானை அவர் கண்ணால் காணாவிட்டாலும் கையால் கற்றுக்கொண்டது விளங்கும். ஒரு மோகத்தை நல்லது கெட்டது என்று பிரிப்பதைவிட, அது ஆளை வேலை வாங்கியதா, வெறுமனே உடை மாற்றவைத்ததா என்று பார்ப்பது பயனுள்ளது.

உடை மாற்றியவர்களுக்கும் குறைவில்லை. 1885இல் லண்டன் சவாய் அரங்கில் தொடங்கிய ‘தி மிகாடோ’ என்ற கேலி இசைநாடகம் 672 முறை மேடையேறியது. களம் ஜப்பான், கிண்டல் முழுக்க ஆங்கில அதிகாரவர்க்கத்தின் மேல். 1907இல் ஜப்பானிய இளவரசர் ஒருவர் வருகிறார் என்றதும், அவர் மனம் புண்படும் என்று பயந்து பிரிட்டிஷ் அரசு நாடகத்துக்குத் தற்காலிகத் தடை போட்டது. தடையை மீறி நடந்த ஒரு காட்சியைப் பார்த்த ஜப்பானியப் பத்திரிகையாளரோ, இதில் புண்பட ஒன்றுமில்லை என்று எழுதினார். படங்களில் காணும் ஜப்பான் எங்கேயும் கிடையாது, கலைஞர்கள் சேர்ந்து ஜோடித்தது என்று எழுத்தாளர் ஆஸ்கர் வைல்ட் 1889லேயே ஒரு கட்டுரையில் குத்திக் காட்டிவிட்டார்.

ஜோடித்ததில் ஜப்பானியர்களுக்கும் பங்குண்டு. ஹயாஷி ததாமாசா 1878 உலகக் கண்காட்சிக்கு மொழிபெயர்ப்பாளராகப் பாரீஸ் வந்தவர். பிறகு அங்கேயே கடை திறந்து, எது அசல், எது உயர்ந்தது என்று பிரெஞ்சுக்காரர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து, ஏராளமான அச்சுகளை விற்றார். நாட்டின் செல்வத்தை வெளியே கொண்டுபோய்விட்டார் என்று ஊரில் அவரைத் திட்டினார்கள். வாங்கிய பணத்தில் அவர் சேர்த்தது பிரெஞ்சு ஓவியங்களை.

வான்கோவுக்கு நேர் எதிரான பாதை லாஃப்காடியோ ஹெர்னுடையது. கிரேக்கத் தீவில் பிறந்து அயர்லாந்தில் வளர்ந்து அமெரிக்காவில் பத்திரிகையாளராக அலைந்தவர், 1890இல் ஜப்பானில் இறங்கி அங்கேயே தங்கிவிட்டார். மட்சுவே நகரில் ஆங்கில ஆசிரியர் வேலை. சாமுராய் குடும்பத்துப் பெண்ணான கொய்சுமி செட்சுவை மணந்து, ஜப்பானியக் குடியுரிமை பெற்று, கொய்சுமி யாகுமோ என்று பெயரையும் மாற்றிக்கொண்டார். ஹெர்னுக்கு ஜப்பானிய மொழி சரியாக வரவில்லை. ஆகவே செட்சு பழைய புத்தகங்களைத் தேடிப் படித்து, பேய்க்கதைகளை அவருக்குப் புரியும் உடைந்த ஜப்பானிய மொழியில் சொன்னார். புத்தகத்தைப் பார்த்து வாசிக்காதே, உன் சொந்த வார்த்தையில் சொல் என்பது கணவரின் கட்டளை. இப்படி உருவாகி 1904இல் ஆங்கிலத்தில் வந்த ‘க்வைதான்’ நூல், ஜப்பானிய மொழிக்குத் திரும்பிப் போய் அங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த கதைகளாகிவிட்டது. 2025இல் செட்சுவின் வாழ்க்கையைத் தழுவி என்எச்கே காலைத் தொடர் ஒன்றையும் ஒளிபரப்பத் தொடங்கியது. அட்டையில் இத்தனை காலம் இல்லாத பெயருக்குத் தாமதமாகக் கிடைத்த மரியாதை.

எதிர்த்திசைப் பித்தும் கொஞ்சநஞ்சமல்ல. ஒசாகா வணிகர் ஒருவர் 1920இல் வான்கோவின் ‘சூரியகாந்தி’ ஒன்றை வாங்கினார். 1945 ஆகஸ்ட் குண்டுவீச்சில் அது எரிந்துபோனது. 1920களில் ஜப்பானிய ஓவியர்களும் அறிஞர்களும் வான்கோ இறந்த ஓவேர் கிராமத்துக்கு யாத்திரை போல வந்து, அவருக்கு வைத்தியம் பார்த்த மருத்துவரின் வீட்டுப் பதிவேட்டில் கையெழுத்திட்டார்கள். 1987இல் டோக்கியோ காப்பீட்டு நிறுவனம் ஒன்று இன்னொரு ‘சூரியகாந்தி’யை ஏறத்தாழ 2.5 கோடி பவுண்டுக்கு வாங்கி உலகத்தை வாய்பிளக்க வைத்தது. 1998இல் அதே நகரம் ரஜினிகாந்தின் ‘முத்து’வுக்கும் வரிசையில் நின்றது. நம் கிராமங்களில் ஜமீன்தார்கள் இப்படித்தான் ஆடிப்பாடுவார்கள் என்று யாராவது நம்பியிருந்தாலும் தமிழர்கள் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

இன்று பித்தின் வழி அனிமேயும் மங்காவும். டிஸ்னி படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்து வளர்ந்த தெசுகா ஒசாமுவின் ‘ஆஸ்ட்ரோ பாய்’ 1963லேயே அமெரிக்கத் தொலைக்காட்சிக்குப் போய்விட்டது. 2024இல் ஜப்பானுக்கு 3 கோடியே 68 லட்சம் வெளிநாட்டினர் வந்தார்கள். மேற்கத்தியர் மட்டுமல்ல, அதிகம் பேர் அண்டை ஆசிய நாட்டினர். கியோட்டோவின் கியோன் பகுதியில் கெய்ஷாக்களைத் துரத்திப் படமெடுக்கும் தொல்லை தாங்காமல், தனியார் சந்துகளுக்குள் பயணிகள் நுழையத் தடை வந்தது. மீறினால் 10,000 யென் அபராதம்.

ஃபூஜிகவாகுச்சிகோ என்ற ஊரில் இன்னும் வேடிக்கை. லாசன் கடை ஒன்றின் கூரைக்கு மேலே ஃபூஜி மலை எழுந்து நிற்பது போல ஒரு காட்சி அங்கே கிடைக்கும். ‘அசல் ஜப்பான்’ என்று அந்தப் படத்தை எடுக்கச் சாலையை மறித்தார்கள், குப்பை போட்டார்கள், பக்கத்துப் பல் மருத்துவமனையின் வளாகத்துக்குள் புகுந்தார்கள். லாசன் 1939இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஒரு பால் வியாபாரி தொடங்கிய கடை. 1975இல்தான் ஜப்பானுக்கு வந்தது. நீலப் பெயர்ப்பலகையில் அந்தப் பால் வியாபாரத்தை நினைவூட்டும் பால் கேன் இன்னும் இருக்கிறது. 2024 மே மாதம் ஊர் நிர்வாகம் மலையை மறைத்து 20 மீட்டர் நீளத்துக்குக் கறுப்பு வலைத்திரை கட்டியது. சில நாட்களிலேயே கேமரா நுழையும் அளவுக்கு அதில் ஓட்டைகள் விழுந்தன. ஆகஸ்டில் புயல் வருகிறது என்று திரையை இறக்கினார்கள்.