அரசனின் உடைமையாயிருந்த மக்கள்

இங்கிலாந்தின் சரித்திரம் பயின்ற மாணவருக்கு முதலாம் எட்வேட் மன்னன் புதியவன் அல்லன். சட்டங்களைத் திருத்தியமைத்தவன், 1295இல் முன்மாதிரிப் பாராளுமன்றத்தைக் கூட்டியவன், 'ஆங்கில ஜஸ்டீனியன்' எனப் போற்றப்பட்டவன் என்றெல்லாம் பாடநூல்கள் அவனைப் புகழும். அம்மன்னன் 1290 யூலை 18ஆந் திகதி பிறப்பித்த ஆணையொன்றைப் பற்றியோ அவை பெரும்பாலும் ஓரிரு வரிகளுடன் நின்றுவிடும். தன் இராச்சியத்தில் வாழும் யூதர் அனைவரும் நவம்பர் 1ஆந் திகதிக்குள் நாட்டை விட்டு நீங்கவேண்டும் என்பதே அவ்வாணை. எருசலேம் ஆலயம் அழிந்த துயரை நினைந்து யூதர் உண்ணா நோன்பிருக்கும் நாளும் அவ்வாண்டு அதே தினத்தில் வந்தது.

யூதர்மீது வெறுப்பு அந்நாட்டில் நெடுங்காலமாகவே இருந்தது. ஆயினும் 1290ஐ விளங்கிக்கொள்ள விரும்புவோர் அரசனின் கணக்கேடுகளையே முதலிற் புரட்டிப் பார்க்க வேண்டும்.

1066இல் வில்லியம் இங்கிலாந்தை வென்றபின் நோர்மண்டியிலிருந்து யூதர் அங்கு வந்து குடியேறினர். கிறித்தவர் வட்டி வாங்குதல் பாவமெனத் திருச்சபை விலக்கியிருந்தது. கைவினைஞர் சங்கங்களிலோ யூதருக்கு இடமில்லை. ஆகவே கடன் கொடுத்தலே அவர்களுட் பலருக்குத் தொழிலாயிற்று. பிரபுக்களும் மடங்களும் மன்னருங்கூட அவர்களிடம் கை நீட்டினர். சட்டத்தின் பார்வையில் யூதர் அரசனின் உடைமைகள். அவர்களைக் காப்பவனும் அவனே; நினைத்தபோதெல்லாம் வரி விதிப்பவனும் அவனே. லிங்கன் நகரத்து ஆரோன் என்ற பெருந்தனவந்தர் 1186இல் இறந்தபோது அவருடைய சொத்தை அரசன் எடுத்துக்கொண்டான். அவருக்கு வரவேண்டிய கடன்களை அறவிடுவதற்கெனத் தனிக் காரியாலயம் ஒன்றே திறக்கப்பட்டது என்றால், அக்கடன்களின் அளவை வாசகர் ஊகித்துக்கொள்ளலாம்.

1190 மார்ச்சில் யோர்க் நகரிற் கலகம் மூண்டது. ஏறத்தாழ 150 யூதர் அரச கோட்டையுட் புகலடைந்தனர். தப்ப வழியில்லாது போகவே, பெரும்பாலோர் தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொண்டனர். கலகக்காரர் அடுத்து எங்கே சென்றனர் தெரியுமா? பேராலயத்திற்குச் சென்று, அங்கு வைக்கப்பட்டிருந்த கடன் பத்திரங்களை எடுத்து அவ்விடத்திலேயே தீயிட்டனர். கலகத்துக்குத் தலைமை தாங்கியோருட் கடன்பட்ட பிரபுக்கள் இருந்தனர்.

இதிலிருந்து அரசாங்கம் கற்ற பாடம் விசித்திரமானது. 1194 முதல் ஒவ்வொரு கடன் பத்திரமும் இரு படிகளாக எழுதப்பட்டு, ஒரு படி நகரத்துப் பெட்டகத்தில் இடப்பட்டது. பெட்டகத்துக்குப் பூட்டுக்கள் மூன்று. ஒரு திறப்பு யூதரிடமும், ஒன்று கிறித்தவரிடமும், ஒன்று அரச எழுத்தரிடமும் இருந்தன. இனி எவராலும் பத்திரங்களை எரித்துவிட முடியாது. எந்த யூதரிடம் எவ்வளவு பொருள் உண்டு, அவரிடம் எவ்வளவு கறக்கலாம் என்பதும் அரசனுக்கு உடனே தெரிந்துவிடும்! மனிதருக்கு இத்தகைய காவல் கிடைத்ததில்லை. 1255இல் லிங்கனில் ஒரு சிறுவன் இறந்தமைக்கு யூதர்மேற் பொய்ப்பழி சுமத்தி, 19 பேரைத் தூக்கிலிட்டவன் எட்வேட்டின் தந்தை மூன்றாம் ஹென்றியே ஆவான்.

எட்வேட் பட்டத்துக்கு வந்தபோது கரும்பு ஏறக்குறையப் பிழிந்து முடிந்திருந்தது. 1275இல் அவன் வட்டித் தொழிலை அடியோடு தடைசெய்தான். ஏழு வயதுக்கு மேற்பட்ட யூதர் யாவரும் மஞ்சள் துணியாலான அடையாளத்தை மேலாடையில் அணியவேண்டுமெனவும் விதித்தான். வியாபாரமும் கைத்தொழிலும் செய்து பிழைக்கலாமென்று சட்டம் கூறிற்று. சங்கங்களின் கதவுகளோ திறக்கவில்லை. 1278இல் நாணயங்களின் விளிம்பை வெட்டித் திருடினர் என்ற குற்றச்சாட்டில் நாடெங்கும் யூதர் கைதாகி, நூற்றுக்கணக்கானோர் தூக்கிலிடப்பட்டனர்.

1289இல் எட்வேட் தன் பிரான்சியப் பிரதேசமாகிய கஸ்கனியிலிருந்து பெருங்கடனுடன் திரும்பினான். அங்குள்ள யூதரை அவன் 1287இலேயே வெளியேற்றியிருந்தான். கடனைத் தீர்க்கப் புதுவரி வேண்டும். வரிக்குப் பாராளுமன்றத்தின் இசைவு வேண்டும். வறியராகிவிட்ட யூதரிடம் இனி எடுக்க ஏதுமில்லை. அவர்களை அனுப்பிவிட்டாலோ சபையோர் மகிழ்வர். மக்களின் அசையும் பொருளிற் பதினைந்தில் ஒரு பங்கு வரியாக வழங்கப்பட்டது. திரண்ட தொகை ஏறத்தாழ 1,16,000 பவுண். மத்தியகால இங்கிலாந்தில் ஒரே முறையில் திரட்டப்பட்ட மிகப் பெரிய வரிகளுள் இதுவும் ஒன்று.

வெளியேறியோர் 2,000 முதல் 3,000 வரை என்பது இக்கால ஆய்வாளர் கணிப்பு. பழைய நூல்கள் 16,000 என எழுதின. வழியில் எவரும் அவர்களைத் துன்புறுத்தலாகாதென அரசன் அதிகாரிகளுக்குக் கட்டளையிட்டான். அவர்களுடைய வீடுகள் அரசனுக்குச் சேர்ந்தன. அவர்களுக்கு வரவேண்டிய கடன்களும் அவனுக்கே சேர்ந்தன. வட்டி பாவமாதலால் முதலை மட்டுமே பெற்றுக்கொள்வதாக அவன் அறிவித்தான்!

கட்டளைக்கும் கடலுக்கும் தூரம் அதிகம். தேம்ஸ் முகத்துவாரத்தில் ஒரு கப்பல் வற்றிய நீரில் மணலில் தங்கிற்று. சற்றே இறங்கி உலாவுமாறு கப்பற்றலைவன் யூதரை அழைத்தான். நீர் பெருகத் தொடங்கியதும் தான் மட்டும் ஏறிக்கொண்டு, 'உங்கள் மோசேயை அழையுங்கள், அவர் கடலைப் பிளந்து காப்பார்' என்று ஏளனம் செய்தான். அனைவரும் மூழ்கினர். அவன் பின்னர் தூக்கிலிடப்பட்டான் என அக்கால வரலாற்றாசிரியர் எழுதிவைத்தனர்.

எஞ்சியோருட் பலர் பிரான்சை அடைந்தனர். 1306இல் அந்நாட்டு மன்னன் நான்காம் பிலிப்பும் தன் யூதரை வெளியேற்றினான்.

1655இல் மனாசே பென் இஸ்ரவேல் என்ற யூத குரு அம்ஸ்டர்டாமிலிருந்து லண்டன் வந்து, தம்மக்களை மீண்டும் அனுமதிக்குமாறு ஒலிவர் குரொம்வெல்லிடம் மனுக் கொடுத்தார். யூதர் வருவதைத் தடுக்கும் சட்டம் எதுவுமில்லை என்று நீதிபதிகள் கூறினர். 1290இல் நடந்தது பாராளுமன்றச் சட்டமன்று, அரசனின் ஆணை. அவ்வாணையின் மூலப் படியும் இன்று கிடைத்திலது; அதிகாரிகளுக்குச் சென்ற கடிதங்களே எஞ்சியுள்ளன. எனவே எதனையும் நீக்காமலே 1656 முதல் யூதர் லண்டனில் வெளிப்படையாக வழிபடலாயினர். மறு ஆண்டில் நகரின் கிழக்கே மைல் எண்ட் என்னுமிடத்தில் இடுகாட்டுக்கென ஒரு நிலத்தைக் குத்தகைக்குப் பெற்றனர்.