கலக்குங்க பாஸ்... காதால!

போடியிலிருந்து போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவு. பஸ்ல ஏறி உட்கார்ந்தா டிரைவர் தலைக்கு மேல பாட்டு ஓடும். ஏத்தத்துல இன்ஜின் உறுமும்போது பேஸ் கிடார் காணாமப் போயிடும். வளைவு தாண்டி இன்ஜின் கொஞ்சம் அடங்கினா மறுபடி எட்டிப் பார்க்கும். ஆனா பாடகரோட குரல் மட்டும் எந்த வளைவுலயும் தொலையாது. தானா அமைஞ்சதுன்னு நினைக்காதீங்க. எங்கேயோ ஒரு ஸ்டுடியோவுல ஒருத்தர் மணிக்கணக்கா உட்கார்ந்து, குரலுக்கு இடம் விட்டு மத்த வாத்தியங்களை நகர்த்தி வெச்சிருக்கார். அந்த வேலைக்குப் பேருதான் மிக்ஸிங்!

இப்ப ஹாஸ்டலுக்கு ஒரு மியூசிக் டைரக்டராவது இருக்கார். ட்யூன் போடறாங்க, ராப் எழுதறாங்க, செல்போன்லயே பாடிப் பதிவும் பண்றாங்க. கேட்டா, வாளிக்குள்ள தலையை விட்டுப் பாடின மாதிரி இருக்கு. உடனே, 'நல்ல மைக் இல்ல மச்சான், சாஃப்ட்வேர் காஸ்ட்லி, எல்லாத்துக்கும் சென்னை போகணும்'னு புலம்பல். அட, அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம். முதல்ல காதுக்கு வேலை கொடுங்க!

ஏலக்காய் சொல்லும் பாடம்

போடியில ஏலக்காய் ஏலம் கம்ப்யூட்டர் வழியாத்தான் நடக்குது. ஆனா, விலை கேட்கிறதுக்கு முன்னாடி வியாபாரி சாம்பிள் காயைக் கையில எடுத்துப் பார்க்கிறார். நிறம், பருமன், வாசனை... சட்டுனு ஒரு முடிவு. அந்தக் கண்ணும் கையும் புத்தகம் படிச்சு வந்ததில்ல. வருஷக்கணக்கா சாம்பிள் பார்த்துப் பார்த்து வந்தது. மிக்ஸிங்கும் டிட்டோ! பத்து வீடியோ பார்க்கிறதைவிட ஒரு பாட்டை நீங்களே கலக்கிப் பார்க்கிறதுல அதிகம் கத்துக்கலாம்.

ஒரு மைக்... நூறு ட்ராக்!

இதே ஏலமலையில 1958-ல தேவிகுளம் இடைத்தேர்தல். கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸுக்காக மலையேறிப் போய்ப் பாடினார் பண்ணைப்புரம் பாவலர் வரதராசன். அந்த அண்ணன் குழுவோட ஊர் ஊராப் போன தம்பிதான், 1976-ல 'அன்னக்கிளி' மூலமா நம்ம இளையராஜா ஆனார். நம்ம தேனி மாவட்டத்துக்காரர்!

ஒண்ணு ரெண்டு மைக் மட்டுமே இருந்த காலத்துல, யார் எவ்வளவு தள்ளி நிக்கிறாங்கங்கிறதுதான் மிக்ஸிங். பாடகர் கிட்டத்துல, ஹார்மோனியம் கொஞ்சம் தள்ளி, டோலக் இன்னும் தள்ளி. அப்புறம் டேப்புல தனித்தனி ட்ராக் வந்தது. 1967-ல பீட்டில்ஸ் வெளியிட்ட 'சார்ஜன்ட் பெப்பர்' ஆல்பத்தைப் பதிவு பண்ணினது 4 ட்ராக் மெஷின்கள்ல. உங்க பழைய லேப்டாப் அதைவிடப் பல மடங்கு கெத்து!

1989-ல ஏ.ஆர்.ரஹ்மான் சென்னையில வீட்டோட சேர்த்து பஞ்சதன் ஸ்டுடியோவை ஆரம்பிச்சார். 1992-ல 'ரோஜா'. அவரோட பாட்டுகளைப் பல வருஷம் மிக்ஸ் பண்ணினவர் சவுண்ட் இன்ஜினீயர் ஹெச்.ஸ்ரீதர். 'மகாநதி', 'தில் சே', 'லகான்', 'கன்னத்தில் முத்தமிட்டால்'னு நாலு படங்களுக்கு ஒலிப்பதிவுக்கான தேசிய விருதைத் தனியாவும் மத்தவங்களோட சேர்ந்தும் வாங்கினார். 2008 டிசம்பர்ல இறந்துபோனார். அவர் கைபட்ட பாட்டு நம்ம எல்லார் செல்போன்லயும் இருக்கு. பேரு எத்தனை பேருக்குத் தெரியும்?

முதல் வாரம்... வால்யூம் மட்டும்!

'ஆடாசிட்டி' இலவச சாஃப்ட்வேர். 'ரீப்பர்' 60 நாள் சும்மா ஓட்டிப் பார்க்கலாம். பயிற்சிக்குப் பாட்டு வேணுமா? 'மிக்ஸிங் சீக்ரெட்ஸ்' புத்தகம் எழுதின பிரிட்டிஷ்காரர் மைக் சீனியர், நூத்துக்கணக்கான பாட்டுகளோட தனித்தனி ட்ராக்குகளைப் பயிற்சிக்காகவே இணையத்துல இலவசமா வெச்சிருக்கார். ஒண்ணை இறக்குங்க.

முதல் வாரம் வால்யூமும், இடது-வலது நகர்த்துற பேனும் மட்டும். வேற எதையும் தொடக்கூடாது. எல்லாத்தையும் பூஜ்யத்துக்கு இறக்கிட்டு, குரலை மட்டும் ஏத்துங்க. அடுத்து தாளம், அடுத்து பேஸ், கடைசியா மத்தது. முடிஞ்சதும் சேமிச்சுட்டு, மறுபடி பூஜ்யத்திலிருந்து. ஒரே பாட்டை அஞ்சு தடவை. அஞ்சாவதுல முதலாவதைக் கேட்டா உங்களுக்கே சிரிப்பு வரும்!

ரெண்டாவது வாரம் ஈக்வலைசர். 'சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ்' பேப்பர்ல ஃபில்டரை மனப்பாடம் பண்ணி எழுதினோமே, அது உயிரோட வர்ற இடம் இதுதான். 200-லிருந்து 500 ஹெர்ட்ஸ் வரை ஒரு நெரிசல் ஏரியா. ஆண் குரல், கிடார், மத்தளம் எல்லாம் அங்கதான் முட்டி மோதும். ஒண்ணை லேசாக் குறைச்சா இன்னொண்ணு தெளியும். எல்லாத்தையும் ஏத்தினா தெளியாது, சத்தம்தான் ஏறும்.

அப்புறம் கம்ப்ரஸர். கத்துறவனை அமுக்கி, முணுமுணுக்கிறவனை முன்னாடி கொண்டுவர்ற கிளாஸ் வாத்தியார் மாதிரி. ரொம்ப அமுக்கினா பாட்டு மூச்சு முட்டும். கடைசியா ரிவெர்ப். இருக்கா இல்லையான்னு தெரியாத அளவுக்குப் போட்டா குரலுக்கு ஒரு அறை கிடைக்கும். அள்ளிக் கொட்டினா கிணத்துக்குள்ள இருந்து பாட்டு வரும்.

காது பொய் சொல்லும்!

1933-ல அமெரிக்காவோட பெல் ஆய்வுக்கூடத்துல ஃப்ளெட்சர், மன்சன்னு ரெண்டு பேர் ஒரு விஷயத்தை அளந்து வெளியிட்டாங்க. சத்தம் குறைவா இருக்கும்போது நம்ம காதுக்கு பேஸும், உச்சத்துல வர்ற கிணுகிணு ஒலியும் சரியாக் கேட்காது. வால்யூமைக் கூட்டினா ரெண்டும் எழும்பி வரும், பாட்டும் அழகாத் தெரியும். அதனாலதான் சத்தமா வெச்சு மிக்ஸ் பண்றப்ப எல்லாமே சூப்பர் ஹிட்டாத் தோணுது! மெதுவா வெச்சு வேலை பாருங்க. உங்களுக்குப் பிடிச்ச ஒரு பாட்டைப் பக்கத்துல வெச்சு, ரெண்டையும் ஒரே வால்யூமுக்குக் கொண்டுவந்து மாத்தி மாத்திக் கேளுங்க. அப்ப ஓட்டை தெரியும்.

1978-ல யமஹா 'என்எஸ்-10'னு ஒரு வீட்டு ஸ்பீக்கர் விட்டது. பார்க்கச் சாதாரணம். ஆனா மிக்ஸிங்ல இருக்கிற குறையை மறைக்காமக் காட்டுதுன்னு உலகம் முழுக்க ஸ்டுடியோக்கள்ல இடம் பிடிச்சது. நமக்கு அது வேணாம். இயர்போன், செல்போன் ஸ்பீக்கர், டீக்கடை ஸ்பீக்கர், மலை ஏர்ற பஸ்... நாலுலயும் குரலும் தாளமும் தாங்கி நின்னா நீங்க பாஸ்!

இன்னொரு எச்சரிக்கை. வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கிறதா இருந்தா, 80 டெசிபல்தான் பாதுகாப்பான எல்லைன்னு சொல்லுது உலக சுகாதார நிறுவனம். மிக்ஸிங் ஆளுக்கு முதலீடே காது. அது போச்சுன்னா அரியர் எழுதி மீட்க முடியாது.

நம்ம ஊர் சத்தம்

சரி, இதெல்லாம் கத்துக்கிட்டு என்ன பண்றது? திருவிழா சீசன்ல நம்ம ஊர் தப்பையும் நையாண்டி மேளத்தையும் ஆயிரம் செல்போன் பதிவு பண்ணுது. பெரும்பாலும் எல்லாமே கரகர. டிஜிட்டல்ல உச்ச எல்லையைத் தாண்டின ஒலி தட்டையா வெட்டுப்பட்டுடும், பிறகு எந்த சாஃப்ட்வேராலும் முழுசா மீட்க முடியாது. தப்பு மாதிரி வெடிக்கிற வாத்தியத்துக்குக் கொஞ்சம் தள்ளி நின்னு, லெவலைக் குறைச்சு வெச்சாலே பாதி ஜெயம். ரெண்டு மைக் வெச்சீங்கன்னா இன்னொரு சிக்கல். ஒலி ஒரு மீட்டர் தாண்ட சுமார் 3 மில்லி செகண்ட் ஆகும். தூரம் மாறினா ரெண்டு அலையும் ஒண்ணையொண்ணு தின்னுடும், தப்போட கனம் காணாமப் போகும். ட்ராக்கை லேசா நகர்த்தி, பொலாரிட்டியைத் திருப்பிப் பார்த்துச் சரி பண்றதும் மிக்ஸிங்தான்.

வாசிக்கிறவங்க பலருக்கும் ஸ்டுடியோவுக்குக் கொடுக்கப் பணம் இல்ல. வாசிக்கிற பெரியவர் ஓய்ஞ்சுட்டா அந்தக் கை போச்சு. நல்ல பதிவு ஒண்ணுகூட இல்லாமப் போனா, அடுத்த தலைமுறை எதைக் கேட்டுக் கத்துக்கும்? உட்கார்ந்து ஒழுங்கா ஒரு பதிவு எடுத்துக் கொடுக்க உங்களால முடியும். ஆனா அவங்ககிட்ட அனுமதி கேட்டுட்டு எடுங்க. அவங்க பேரு முதல்ல வரணும், உங்க பேரு அப்புறம். காசு வந்தா அதுலயும் அவங்களுக்குப் பங்கு உண்டு. இதுல நோ காம்ப்ரமைஸ்!

இதையே தொழிலா எடுக்க நினைக்கிறவங்களுக்கு, தரமணி எம்.ஜி.ஆர். அரசு திரைப்படக் கல்லூரியில ஒலிப்பதிவுக்குன்னு தனிப் படிப்பே இருக்கு. அகலப்பாதை வேலைக்காக 12 வருஷத்துக்கு மேல ரயிலே பார்க்காத போடிக்கு 2023 ஜூன்ல மறுபடி ரயில் வந்தாச்சு. சென்னை சென்ட்ரல் வரைக்கும் நேரா போகலாம். டிக்கெட் எடுக்கிறதுக்கு முன்னாடி இங்கேயே அம்பது மிக்ஸ் முடிச்சிடுங்க. முதல் மிக்ஸையும் அழிக்காம வெச்சிருங்க. இன்டர்வியூவுல, 'எங்க கத்துக்கிட்டே?'ன்னு கேட்டா ரெண்டையும் போட்டுக் காட்டலாம்ல!