கள்வனுக்குக் கதை உண்டு, காவலனுக்கு?

கொழும்பிலிருந்து கண்டிக்கு வருவோர் மாவனல்லைக்கு அண்மையில் ஓங்கி நிற்கும் ஒரு குன்றைக் காண்பர். உதுவன்கந்தை என்பது அதன் பெயர். உடன் பயணம் செய்யும் முதியவர் ஒருவர் அதனைச் சுட்டிக்காட்டி, "சரதியேல் ஒளிந்திருந்த மலை இதுதான்" என்று தொடங்கிவிட்டால், கடுகண்ணாவை ஏற்றம் முடியும் வரை கதை முடியாது.

செல்வரிடம் பறித்து ஏழைக்கு ஈந்த வள்ளல். இலங்கையின் ராபின் ஹூட். கதையில் வரும் சரதியேல் இத்தகையவன். வரலாற்றில் காணும் சரதியேலோ வழிப்பறிக் கூட்டமொன்றின் தலைவன். கண்டிக்குப் புகையிரதம் வந்தது 1867ஆம் ஆண்டில். அதற்கு முன்னர் கோப்பித் தோட்டங்களின் விளைபொருளும் அவற்றுக்கு வேண்டிய சரக்கும் மாட்டு வண்டிகளிலேயே இவ்வீதியில் ஏறி இறங்கின. மேலே ஒளிந்திருக்கக் குகைகள். கீழே செல்வம் செல்லும் பாதை. கொள்ளைக்கு வேறென்ன வேண்டும்?

1864ஆம் ஆண்டு மார்ச் 21ஆம் திகதி பொலிசார் மாவனல்லையில் அவனைச் சூழ்ந்தனர். அன்று நிகழ்ந்த துப்பாக்கிச் சூட்டில் சபான் என்னும் மலாய் இனக் கான்ஸ்டபிள் உயிர் துறந்தார். சரதியேல் பிடிபட்டான். ஏழு வாரங்களுக்குள், மே 7ஆம் திகதி, அவனும் அவன் தோழன் மம்மாலி மரைக்காரும் கண்டியில் தூக்கிலிடப்பட்டனர்.

இத்தகைய ஒருவனை மக்கள் வள்ளலாக்கியது ஏன்? காரணம் இல்லாமலில்லை. 1840ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றினால், உரிமைப் பத்திரம் காட்ட இயலாத நிலங்களை ஆங்கில அரசு தனதாக்கிக்கொண்டது. மலைநாட்டின் பெருநிலங்கள் கோப்பித் தோட்டங்களாயின. 1848இல் கிளர்ந்தெழுந்த புரன் அப்பு கண்டியிலேயே சுட்டுக்கொல்லப்பட்டார். வாய்விட்டுச் சொல்ல இயலாத மனக்குறையை மக்கள் ஒரு கள்வனின் தோளில் ஏற்றிவைத்தனர் போலும்! தமிழகத்திலும் இது நிகழ்ந்ததுண்டு. மலையூர் மம்பட்டியான் 1983இல் திரைப்பட நாயகனாகி வலம் வந்ததை நாம் அறிவோம்.

முழுதும் தீயவனான கொலைஞன் கதைக்கு உதவமாட்டான். அவனைக் கண்டு அஞ்சலாம். அவனோடு சேர்ந்து கண்ணீர் விட இயலாது. ஆதலின் கதை சொல்பவன் அவனுக்குச் சிறிது ஈகையும், ஒரு தாயின் அன்பும், இளமையில் பட்ட அவமானமும் சேர்த்துக் கொடுக்கிறான். இதில் ஓர் உண்மையும் உண்டு. தீமை வானத்திலிருந்து விழுவதில்லை. மனிதர் நடுவேதான் அது வளர்கிறது. அதனை உணர்த்தும் கதை பயனுள்ள கதையே.

ஆயினும், கொன்றவனுக்கு நன்மையை வழங்கும் கை, கொல்லப்பட்டவனிடமிருந்து அதனைப் பறித்துவிடக் கூடாது. சபான் தோட்ட முதலாளியல்லர், நாட்டை ஆண்டவருமல்லர். கூலிக்குக் கடமை செய்த எளியவர். கடமையில் உயிர் நீத்த முதலாவது பொலிஸ் வீரராக அவர் போற்றப்படுகிறார்; ஆண்டுதோறும் மார்ச் 21ஆம் திகதி இலங்கையின் பொலிஸ் வீரர் தினமாக அனுசரிக்கப்படுகிறது. கதையிலோ அவர் குண்டுபட்டு விழுவதற்கென்றே வந்து போகும் ஒருவர்.

மாணவர்களே, கொலைஞன் ஒருவன் நாயகனாக வரும் கதையைப் படிக்கும்போது ஒன்றை மட்டும் கேட்டுப் பாருங்கள்: இறந்தவனுக்கு இக்கதையில் ஒரு பெயரேனும் உண்டா? உண்டாயின் அதனை எழுதியவன் நன்மை தீமை இரண்டையும் எடைபோட அறிந்தவன் என்று நம்பலாம். உதுவன்கந்தையைக் குழந்தைகளுக்குக் காட்டும் பெற்றோரும் சரதியேலின் பெயரோடு சபானின் பெயரையும் சேர்த்துச் சொல்லட்டும்.