காப்பியும் பூசணமும்

கீழ்ப்பழனி மலையில் காப்பி அறுவடையின் தொடக்கமும் வடகிழக்குப் பருவமழையும் ஒருங்கே வருகின்றன. ஆகவே நம் அங்கத்தினர்களுக்குப் பறிப்பதைக் காட்டிலும் உலர்த்துவதே பெரும்பாடு.

சென்ற பருவத்தில் சங்கக் கிடங்கொன்றில் ஒரு மூட்டையைப் பிரித்தபோது புழுங்கிய வாடை வீசிற்று. மேலே நன்கு காய்ந்த பார்ச்மெண்ட், நடுவே பூசணம். "தவணை நெருங்கிவிட்டது ஐயா, இரண்டு நாள் முன்னதாகக் கட்டிவிட்டேன்" என்றார் உரியவர். கீழ்த்தரமென்று ஒதுக்க நேர்ந்தது.

பூசணம் விளைவிக்கும் ஓக்ராடாக்சின்-ஏ என்னும் நஞ்சு, வறுத்தாலும் முற்றிலும் அழிவதில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2023 முதல் வறுத்த காப்பியில் கிலோவுக்கு 3 மைக்ரோகிராமுக்கு மேல் இதனை அனுமதிப்பதில்லை.

பார்ச்மெண்டில் ஈரம் 10 சதவீதமும், செர்ரியில் 11 சதவீதமும் ஆகும்வரை சாக்கில் கட்டலாகாது. பல்லால் கடித்துப் பார்ப்பது எனக்கு நம்பிக்கை தருவதில்லை, ஈரமானியே மேல். வெறும் மண்ணில் பரப்பாமல் களத்தில் மெல்லியதாகப் பரப்பி அடிக்கடி கிளறுக. தரையில் உதிர்ந்த பழத்தைத் தனியே வைக்க. மூட்டைகளைச் சுவரில் சாய்க்காமல் மரச்சட்டத்தின்மேல் அடுக்குக.

தவணைக்குச் சிறிது அவகாசம் வேண்டுவோர், ஈர மூட்டையைக் கட்டுமுன் நிர்வாகக் குழுவுக்கு எழுதிக் கேட்கலாம். அவ்வங்கத்தினர் கேட்கவேயில்லை.