‘போஷ்’ என்னும் சொல்

டெல்லியிலோ மும்பையிலோ வாடகைக்கு வீடு தேடி அலைந்த நம்மவர் பலரும் கேட்டிருக்கக்கூடிய சொல் ஒன்று உண்டு. “அது போஷ் காலனி” என்று தரகர் கூறிய அளவிலேயே, அவ்விடம் நம் கைக்கு எட்டாது என உணர்ந்து திரும்பியிருப்போம். இருப்பிடத்தைக்கொண்டு மனிதரை அளக்கும் இச்சொல்லின் பிறப்பு யாது?

இதுபற்றி வழங்கும் கதை நம் நாட்டோடு தொடர்புடையது. இங்கிலாந்திலிருந்து நீராவிக் கப்பலில் இந்தியாவுக்கு வந்த செல்வர்கள், வெயில் குறைந்த அறைகளையே நாடினராம். கப்பல் கிழக்கே வருகையில் அதன் இடப்பக்கமும், மேற்கே திரும்புகையில் வலப்பக்கமும் வடதிசையை நோக்கும். ஆதலின் அங்கு நிழல் மிகுதி. ‘போர்ட் அவுட், ஸ்டார்போர்ட் ஹோம்’, அதாவது ‘போகையில் இடம், திரும்புகையில் வலம்’ என்னும் தொடரின் ஆங்கில முதலெழுத்துகளான பி, ஓ, எஸ், எச் ஆகியவை பயணச்சீட்டில் பொறிக்கப்பட்டன; அவையே கூடிச் சொல்லாயின என்பர்.

கதை சுவையானதே. ஆயினும், அவ்வாறு முத்திரையிட்ட சீட்டு ஒன்றேனும் இதுவரை கிடைத்திலது. மேலும், ‘பகட்டான’ என்னும் பொருளில் இச்சொல் 1914-ஆம் ஆண்டளவிலேயே அச்சேறிவிட்டது. கப்பற்கதையோ 1930-களில்தான் எழுத்தில் தலைகாட்டுகிறது. சொல் முந்தியது, கதை பிந்தியது.

19-ஆம் நூற்றாண்டின் லண்டன் தெருப்பேச்சில் ‘போஷ்’ என்பது அரைப்பென்னிக் காசைக் குறித்தது. 1890-ஐ ஒட்டி வெளிவந்த கொச்சைச்சொல் அகராதி ஒன்று, மினுக்கித் திரிபவன் என்னும் பொருளையும் தருகிறது. காசைக் குறித்த சொல், ‘பாதி’ எனப் பொருள்படும் ரோமானிச் சொல்லினின்று வந்தது என்பது அறிஞர் கருத்து. ரோமானி மக்களின் முன்னோர் பல நூற்றாண்டுகளுக்கு முன் வட இந்தியாவை விட்டுப் புறப்பட்டவர். அவர்தம் மொழி இந்திக்கும் பஞ்சாபிக்கும் உறவு. அரைக்காசு பகட்டுக்குப் பெயரான வழி மட்டும் இன்னும் ஐயமற நிறுவப்படவில்லை.

இன்று இங்கிலாந்தில் இச்சொல் மேட்டுக்குடியினரின் பேச்சையும் நடையையும் குறிக்கும்; சிலவேளை எள்ளலும் அதில் கலந்திருக்கும். நம் நகரங்களிலோ அது பெரிதும் செல்வர் வாழும் பகுதிக்கே அடைமொழி.

ஊர்விட்டு ஊர் பெயர்ந்து, சென்ற இடமெல்லாம் இகழப்பட்ட மக்களின் அரைக்காசே இச்சொல்லின் மூலமாக இருக்கக்கூடும். பிழைப்பை நாடிப் பிறந்த மண்ணைவிட்டு வந்த நாம், தரகர் வாயில் அதைக் கேட்டுச் சிறுமை கொள்ள வேண்டுவதில்லை.