18 கிலோ தூசி எங்கே இறங்கும்?

மூங்கில்துறைப்பட்டில் கள்ளக்குறிச்சி-1 கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருக்கிறது. அரவைப் பருவத்தில் புகைபோக்கியைப் பார்த்தே காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று சொல்லிவிடலாம். அந்தப் புகை தரையில் எங்கே, எவ்வளவு இறங்கும் என்பதைக் கணக்குப் போட்டுத்தான் சொல்ல முடியும். கீழே வருவது இந்த ஆலையின் அளவீடு அல்ல. நாளொன்றுக்கு 2,400 டன் கரும்பு அரைக்கும் ஓர் ஆலைக்கு நான் போட்டுப் பார்த்த கணக்கு.

மணிக்கு 100 டன் அரவை. அதில் சக்கை சுமார் 30 டன். பாதி எடை ஈரம். அத்தனையும் கொதிகலனில் எரிந்தால், கிலோவுக்கு ஏறக்குறைய 4 கனமீட்டர் வீதம் 1,20,000 கனமீட்டர் புகை. சர்க்கரை ஆலைகளுக்கான 2016 விதிப்படி ஒரு கனமீட்டரில் 150 மில்லிகிராம் தூசி வரை விடலாம். ஆக மணிக்கு 18 கிலோ, ஒரு நாளைக்கு 432 கிலோ. விதியை ஒழுங்காகப் பின்பற்றும் ஆலைக்கே இவ்வளவு. இந்த 18 கிலோவுக்கு, மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சூத்திரம் கேட்கும் புகைபோக்கி உயரம் 25 மீட்டர். குறைந்தது 30 மீட்டர் என்பதால் 30 என்றே எடுத்துக்கொண்டேன்.

சூடான புகை இன்னும் 30 மீட்டர் எழும் என்று வைத்தால் மொத்த உயரம் 60. காற்று வினாடிக்கு 3 மீட்டர், மேகமூட்டமான வேளை, சமவெளி. 1961-இல் வானிலையாளர் பாஸ்குவில் தொடங்கிவைத்த புகைப்பரவல் முறையில் போட்டால், தரையில் உச்ச அளவு ஆலையிலிருந்து சுமார் 1.1 கிலோமீட்டரில் விழுகிறது: கனமீட்டருக்கு 52 மைக்ரோகிராம். இது ஒரு மணி நேர அளவு, ஏற்கெனவே காற்றில் இருப்பதன் மேல் கூடுவது. நுண்தூசிக்கு (10 மைக்ரான் வரை) இந்தியாவின் 24 மணி நேர வரம்பு 100. புகையின் மொத்த உயரத்தை 120 மீட்டராக்கினால் உச்சம் 10-க்கு இறங்கி, 3 கிலோமீட்டருக்குத் தள்ளிப்போகிறது. தூசியின் எடை மாறவில்லை. உயரம் இரண்டு மடங்கானதும் உச்சம் ஐந்தில் ஒரு பங்கானது. ஆலையருகே துணியில் விழும் கரித்துண்டு இந்தக் கணக்கில் வராது. அது கனம், சீக்கிரம் விழும். நுரையீரலுக்குள் போவது கண்ணுக்குத் தெரியாத மீதிதான்.

இதே கண்ணால், கரும்புத் தோகையை எரிக்கும் வயலையும் பார்க்க வேண்டும். ஏக்கருக்கு 4 டன் தோகை என்று கொண்டு, டன்னுக்கு 3 கிலோ நுண்தூசி என்றால் 12 கிலோ. அரை மணியில் எரிந்து முடிகிறது. புகைபோக்கியே இல்லை. மாலையில் கனன்று புகையும்போது அது தலைமட்டத்திலேயே தங்கும். ஆலையை மட்டும் குறைசொல்லி முடிக்க என் மனம் ஒப்பவில்லை.

மார்கழி, தையில் இங்கே காற்று பெரும்பாலும் வடகிழக்கிலிருந்து வரும். அப்போது புகை போகும் திசை தென்மேற்கு, அதாவது கல்வராயன் மலைப்பக்கம். தெளிந்த இரவுகளில் மலைச்சரிவின் குளிர்ந்த காற்று கீழே வழிகிறது. சமவெளிச் சூத்திரம் இதை அறியாது. மலையின் ஏற்ற இறக்கத்தையும் சேர்த்துக் கணிக்கும் ஏர்மாட் மென்பொருளை, 2005 டிசம்பரில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை தன் பரிந்துரை மாதிரியாக ஏற்றது. அதை இலவசமாகவே தரவிறக்கலாம்.

மென்பொருளுக்குச் செலவில்லை. ஆனால் அதற்கு மணிக்கு மணி இந்த ஊர்க் காற்றின் வேகமும் திசையும் வேண்டும். வேறு ஊர்க் காற்றைக் கொடுத்தால் வேறு ஊருக்கான விடைதான் வரும். முழு வசதியுள்ள தொடர் கண்காணிப்பு நிலையத்துக்கு ஒரு கோடி ரூபாய்க்கு மேல் ஆகும். காற்றளவியை மட்டும் சில ஆயிரங்களில் வாங்கலாம். அடுத்த அரவைக்குள் எடைமேடை அருகே ஒன்றை நிறுத்தி, அன்றன்றைய காற்றின் வேகத்தையும் திசையையும் பலகையில் எழுதிப்போடுங்கள். கரும்பு வண்டியோடு காத்திருக்கும் விவசாயி, காற்று ஊர்ப்பக்கம் வீசினால் தோகையை இன்று கொளுத்தக் கூடாது என்று அதைப் பார்த்தே தெரிந்துகொள்வார்.